படச் சட்டத்தைத் திறந்து காட்டாதவரிடம் சிப்பாய்ப் படம் வாங்காதீர்கள்

போன மாதம் 72,000 ரூபாய் கொடுத்து நான்கு படங்கள் வாங்கினேன். 1820களில் மெட்ராஸ் ராணுவச் சிப்பாய்களை வாட்டர்கலரில் வரைந்தவை என்று சொல்லி விற்றார்கள். அதில் மூன்று பிரிண்டரில் அடித்தவை. நான்காவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். விற்றவர் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் படங்களைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். பெங்களூரில் யாராவது உங்கள் முன்னால் எடுத்து வைத்தால் அடையாளம் தெரிய வேண்டும்.

எங்கள் வீடு அல்சூரில். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்தவர். 1780ல் மெட்ராஸில் திரட்டிய பயனியர் படைப்பிரிவுகளிலிருந்து வளர்ந்த படை அது. சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற பெயர் 1831ல்தான் வந்தது. தாத்தாவின் ஒரே போட்டோவில் அவர் காக்கியில் நிற்கிறார். அவருக்கு முன்னால் போனவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று பார்க்கிற ஆசையில் பத்து வருஷமாக இந்தப் படங்களைத் தேடி வாங்குகிறேன். தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்தவற்றில் சிப்பாய் சிவப்புக் கோட்டு போட்டிருப்பார், மார்பின் குறுக்கே வெள்ளை வார். இடுப்புக்குக் கீழே பார்த்தால் தொடையோடு நிற்கும் வெள்ளை ஜாங்கியா, வெறும் முழங்கால், செருப்பு. சில படங்களில் பக்கத்தில் புடவை கட்டிய மனைவியும் இருப்பார். கோட்டு கம்பெனியுடையது, கால் நம் ஊர்க்காரருடையது. அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு இளகிவிடும். கடைக்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

முதலில் "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். அல்சூர், தமிழ் என்றதும் "அக்கா" ஆகிவிட்டேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நான்கு படங்களையும் வரிசையாக வைத்தார். எல்லாம் கண்ணாடி போட்டு, பின்பக்கம் பிரவுன் டேப்பால் அடைத்திருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா, இருநூறு வருஷத்துப் பேப்பர். தொட்டா பொடியாயிடும். அப்புறம் யார் பொறுப்பு?"

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஒரு படத்தில் சிப்பாயின் மனைவி கையில் பச்சைக்கிளி வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. 20,000 ஜிபேயில் போட்டேன். மீதியை ரொக்கமாகத் தந்தால் விலை குறையும் என்றார், 52,000 எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் டேப்பை அறுத்ததுமே காபி டிகாஷன் வாசம் வந்தது. தாளைப் பழசாகக் காட்ட அதில் தோய்த்திருக்கிறார்கள். பழைய படத்தில் வெளிச்சம் பட்ட இடம் ஒரு நிறமாகவும், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் வேறு நிறமாகவும் இருக்கும். இதில் அட்டைக்கு அடியிலும் அதே பழுப்பு, கொஞ்சம்கூட மாறாமல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு படங்களில் சிப்பாயின் இடது செருப்புக்குக் கீழே ஒரு துவரம்பருப்பு அளவில் பழுப்புப் புள்ளி. இரண்டிலும் ஒரே இடம், ஒரே வடிவம். ஈரம் பட்டு இயற்கையாக வருகிற புள்ளி இரண்டு தாள்களில் அப்படி வராது. அந்தப் புள்ளியும் சேர்த்தே அச்சாகியிருந்தது.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். முகம் முழுக்க நீலம், மஞ்சள், சிவப்பு என்று பொடிப் பொடியாகப் புள்ளிகள். தூரிகையால் தீட்டிய நிறம் காகிதத்தில் ஊறி, விளிம்பில் கொஞ்சம் அடர்ந்து நிற்கும். இங்கே கோட்டிலும் கிளியிலும் மட்டும் மேலாக வண்ணம் பூசியிருந்தார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தால் கைவேலை மாதிரி தெரிவதற்காக. நோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை இருட்டில் அடித்தேன். மூன்று தாள்களும் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டன. அப்படிப் பளிச்சிட வைக்கும் வெளுப்பான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதத்துக்கு வந்தது. மார்பு வாரின் வெள்ளையையும் பாருங்கள். அந்தக் காலத்து ஈய வெள்ளை காற்றுப் பட்டுப் பல படங்களில் கறுத்துப்போயிருக்கும். அது மட்டுமே சாட்சி ஆகாது, ஆனால் தாள் முழுக்கப் பழுத்திருக்கும்போது வார் மட்டும் புது வேட்டி போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒன்றின் பின்னால் ஆங்கிலத்தில் பென்சில் எழுத்து: 'குயின்ஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ், 1825'. 'குயின்ஸ் ஓன்' என்றால் ராணியின் சொந்தப் படை. ஆனால் 1825ல் இங்கிலாந்தை ஆண்டவர் நான்காம் ஜார்ஜ் மன்னர். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837ல். சாப்பர்ஸ் என்ற பெயரே அப்போது அந்தப் படைக்கு இல்லை. இது மட்டும் முன்பக்கம் இருந்திருந்தால் கடையிலேயே பிடித்திருப்பேன்.

நான்காவது தாள் டார்ச்சில் பளிச்சிடவில்லை. லென்ஸில் புள்ளிகளும் இல்லை. ஆனால் கோடுகளில் கல்லச்சுக்கே உரிய கறுப்புப் பொரிப்பொரி, அதன்மேல் கையால் நிறம் தீட்டியிருக்கிறார்கள். அதாவது லித்தோகிராஃப், கல்லில் வரைந்து தாளில் அச்சடித்த படம். பழசுதான், ஆனால் வரைந்த படம் கிடையாது, விலையும் அந்த அளவுக்குப் போகாது. கீழே அச்சகத்தின் பெயர் இருந்திருக்கும் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கியிருக்கிறார்கள். புதுசாக வெட்டிய விளிம்பு, வெள்ளையாக இருந்தது. மற்ற மூன்றில் போனது பணம். இதில் உண்மையிலேயே பழைய ஒன்றைக் கெடுத்திருக்கிறார்கள், அதை இனி ஒட்ட வைக்க முடியாது.

மறுநாள் எடுத்துப் போனேன். திரும்ப "மேடம்" ஆகிவிட்டேன். "ஆன்டிக்னு நான் எங்க எழுதிக் கொடுத்தேன்? பில்லைப் பாருங்க." அவர் தந்திருந்த துண்டுச் சீட்டில் 'டெகோர் ஐட்டம் - 4' என்று மட்டும் இருந்தது. தொகைகூட எழுதவில்லை.

நூறு வருஷத்துக்கு மேல் பழைய ஓவியம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்கும் தொழில் செய்ய இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். யாராவது 1825 என்று வாயால் சொன்னால் உரிமத்தைக் கேளுங்கள். வருஷத்தையும், 'கையால் வரைந்த வாட்டர்கலர்' என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். படச் சட்டத்தைத் திறந்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன், வக்கீல் நோட்டீஸும் போனது. ஜிபேயில் போட்ட 20,000 திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 52,000ஐ வாங்கவே இல்லை என்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப்போகிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

மூன்று அச்சுகளையும் அவர் திருப்பி வாங்கிக்கொண்டார். நான் கேட்டும் கிழிக்க விடவில்லை, ஆகவே மறுபடி விற்பனைக்கு வரும். கறுப்பு மரச் சட்டம், ஏறக்குறைய ஒரு அடி உயரம். ஒன்றில் கிளியோடு பெண். இரண்டில் சிப்பாயின் இடது செருப்புக்குக் கீழே அந்தப் புள்ளி. இதைப் பார்த்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.