உப்புவெளியில் ஒரு புதுக் கடை: மீன் நல்லம், காதுதான் பாவம்

திருகோணமலையில் அலஸ்தோட்டத்தில் இருந்து உப்புவெளிப் பக்கம் கடற்கரையால் நடந்தால் வெள்ளைச் சுவரும் பெரிய கண்ணாடியுமாக ஒரு கடை வரும். பகலில் கோப்பி, இரவில் கடலுணவு. கீழே குறை சொல்லப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை, அந்தப் பக்கம் திரிகிறவர்களுக்கு இடம் விளங்கும். அதே காணியில் முன்பு ஒரு கிடுகுக் கொட்டில் பார் இருந்தது. சீசனில் சனி இரவுகளில் அங்கே வாசித்த பாண்டில் நான் பேஸ் கிட்டார். ஆகவே இதில் பாதி நாக்கால் எழுதுவது, பாதி காதால்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். சுட்ட பாரை 3200 ரூபா, கொடுக்கலாம். அன்றைக்குக் கரைக்கு வந்த மீன், உப்பும் தேசிக்காயும் தவிர வேறு ஒன்றையும் போட்டுக் கெடுக்கவில்லை. கணவாய் ரப்பர். கோப்பி 950, குடித்தால் நல்ல கோப்பிதான். பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் மேலே ஏறும், மெனுவில் அது எறும்பு எழுத்தில் கிடக்கிறது, கவனம். பரிமாறுகிற பிள்ளைகள் தமிழில் கேட்டால் தமிழில்தான் பதில் சொல்கிறார்கள், ஆனால் மெனுவில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. உப்புவெளியில்!

இனிச் சத்தம். பழைய கொட்டிலில் கரண்ட் ஆடும், எர்த் சரியில்லாமல் மைக்கில் உதடு பட்டால் ஷொக் அடிக்கும், உப்புக்காற்றில் கிட்டாரின் புதுக் கம்பியும் சுருக்கெனத் துருப்பிடிக்கும். ஆனால் கிடுகும் மணலும் சத்தத்தைத் திருப்பி அடிக்காமல் குடித்துவிடும், அதனால் எங்களுடைய மலிவு ஸ்பீக்கரிலும் பேஸ் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம் என்று பிரிந்து கேட்கும். சீசன் இரவுகளில் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளென்றால் இன்னும் பலமாக, வாசிப்பதை எல்லாம் அப்படியே கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். பின்னால் இருந்த வீடுகளில் பெரிதாக முறைப்பாடு வந்ததில்லை. கடலில் வலை போட்டுக்கொண்டு நின்ற வள்ளக்காரர்தான் அடுத்த நாள் பிடித்துக்கொள்வார்கள், "அந்த பைலாப் பாட்டை ஏனடா தம்பி பாதியில நிப்பாட்டினீங்க?" என்று. அப்போது பத்து மணி ஆனால் ஸ்பீக்கரை நிறுத்தத்தானே வேண்டியிருந்தது.

புதுக் கடையில் மினுக்கின சீமெந்துத் தரை, மூன்று பக்கம் கண்ணாடி, தட்டையான கொங்கிறீட் கூரை. கரண்டி விழுந்தால் மூன்று தரம் கேட்கிறது. பேச்சு எதிரொலித்துக் கலங்குவதால் ஆட்கள் குரலைக் கூட்டுகிறார்கள், பாட்டுக் கேட்கவில்லை என்று கவுண்டரில் நிற்கிற தம்பி வொலியூமைக் கூட்டுகிறார், அதற்கு மேலால் ஆட்கள் இன்னும் கத்துகிறார்கள், எட்டரை மணிக்கு எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. இத்தனைக்கும் போடுவது என்ன என்றால் எந்த நாட்டுக் கடற்கரையிலும் கேட்கிற அதே லவுஞ் பாட்டு. எழுபதுகளில் தமிழ்ப் பொப்பிசைக்குப் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களைத் தந்த ஊர் இந்தத் திருகோணமலை. நான் இருந்த நேரம் முழுக்க ஒரு தமிழ்ப் பாட்டு வரவில்லை, சிங்களப் பாட்டும் இல்லை, ஒரு பைலாகூட இல்லை. எங்கள் காலத்தில் ஒரே இரவில் மூன்றும் கேட்பார்கள், இடையில் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து பாப் மார்லி கேட்பார், எல்லாம் வாசிப்போம்.

பழையது எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. வெறியில் சண்டை வரும், மணலில் போத்தல் உடைந்து கிடக்கும், பெண்கள் தனியாக வந்து நிம்மதியாக இருக்க முடியாது. இப்போது டவுனில் இருந்து குடும்பமாகப் பிள்ளைகளோடு வருகிறார்கள், கழிப்பறை சுத்தம். இதை நான் நல்லதென்றுதான் சொல்வேன். கொட்டில் போனதற்கும் இந்த முதலாளியைக் குறை சொல்ல முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை உழைத்து வருசம் முழுக்கச் சாப்பிடுகிற தொழில் அது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, பிறகு கொவிட், பிறகு 2022 டொலர் தட்டுப்பாடு, சீசன் சீசனாக அடி விழுந்தால் யார்தான் தாங்குவது. கையில் காசு இருந்தவர்கள் வாங்கிக் கட்டினார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது வேறொன்றில். நான் வாசிக்கிற ஆள் என்று தெரிந்ததும் மனேஜர் மேசைக்கு வந்தார். "அண்ண, வெள்ளிக்கிழமைகளில ஒரு அக்குஸ்டிக் செட் செய்யலாமே, சாப்பாடு எங்கட கணக்கு." காசு எவ்வளவு என்று கேட்டேன். "உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானே" என்றார். பழைய கொட்டில் முதலாளி சாராய வாசத்தோடுதான் பேசுவார், ஆனால் கடைசிப் பாட்டு முடிய முதலே கையில் காசு வந்துவிடும், சாமான் ஏற்றுகிற ஓட்டோவுக்கும் தனியாகத் தருவார். மீனுக்கு 3200 எடுக்கிற இடத்தில் பாட்டுக்கு ஒன்றும் இல்லையாம். முடியாது என்று சொல்லிவிட்டு பில்லைக் கொண்டுவரச் சொன்னேன்.

மீனுக்காகத் திரும்பவும் போவேன். கூரையின் உள்பக்கம் கிடுகோ பன்பாயோ அடித்தாலே எதிரொலி ஓரளவு அடங்கும், பெரிய செலவில்லை, மனேஜரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதுவரை போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னம் போய், கடல் பக்கம் இடது மூலையில் வெளியே கிடக்கிற மேசையைக் கேளுங்கள். தலைக்கு மேலே ஸ்பீக்கர் இல்லாதது அது ஒன்றுதான்.