துளை போடாமல் தகைவு பார்த்தோம்: லேசர் அல்ட்ராசோனிக் சோதனை

துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தரம் பார்ப்பது என் வேலை. 16 மி.மீ. பிளேட்டில் வெல்டிங் செய்த பேஸ் ஃபிரேம் ஒன்று, மெஷினிங் முடிந்த இரண்டாம் நாளே முறுக்கிக்கொண்டது. “உள்ளே ஸ்ட்ரெஸ் நிக்குது சார்” என்று வெல்டர் அண்ணன் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். வெல்டிங்கின்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம், அதாவது தகைவு. எங்கே, எவ்வளவு என்று தெரியாமல் அதன் ஜோடி ஃபிரேமை மெஷினிங்குக்கு அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது.

உலோகம் நீள்வதை அளக்கும் சிறு சென்சாரை (ஸ்ட்ரெயின் கேஜ்) ஒட்டி, நடுவில் 2 மி.மீ. துளை போட்டு, சுற்றிலும் எவ்வளவு தளர்கிறது என்று பார்ப்பது வழக்கம். டெலிவரிக்குப் போகும் அந்த ஜோடி ஃபிரேமில் துளை போட மனம் வரவில்லை. எக்ஸ்ரே முறை சில மைக்ரான் ஆழத்தோடு நின்றுவிடும். அதனால்தான் லேசர் அல்ட்ராசோனிக் சோதனை செய்து தரும் ஒரு ஆய்வகத்துக்கு ஃபிரேமை ஏற்றிக்கொண்டு போனோம்.

ஒரு லேசர் நானோ விநாடி நேரமே பிளேட்டைத் தொடுகிறது. அந்தப் புள்ளி சூடாகி விரிய, ஒலியலை கிளம்பி மேற்பரப்பை ஒட்டி ஓடுகிறது. சற்றுத் தள்ளி இன்னொரு லேசர் அது வந்துசேரும் நேரத்தைப் பிடிக்கிறது. உலோகம் இழுபட்டு நின்றால் அலையின் வேகம் மாறும். ஆனால் மாற்றம் மிகச் சிறியது: 100 மெகாபாஸ்கல் (தகைவின் அலகு) தகைவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. வெப்பம் 10 டிகிரி கூடினாலே அதே அளவு மாற்றம் வந்துவிடும் என்பதால் ஃபிரேமை ஏசி அறையில் இரவு முழுக்க வைத்திருந்தார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது. ஜெல் தடவ வேண்டாம், புரோப் அழுத்த வேண்டாம். கைக்குக் கை ரீடிங் மாறும் தொல்லையும் இல்லை.

ஒரு இடத்தில் நான் குறுக்கே போனேன். லேசர் நன்றாகத் திரும்பப் பரப்பு பளபளப்பாக வேண்டும் என்று உதவியாளர் கிரைண்டரை எடுத்தார். கிரைண்டர் ஓட்டினால் அதுவே மேற்பரப்பில் புதிதாகத் தகைவை ஏற்றிவிடும்! நல்லவேளை, மெல்லிய எமரியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் ரிப்போர்ட்டில் வெல்ட் நடுவே 410 மெகாபாஸ்கல் என்று போட்டிருந்தது. சுமார் 250 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நெளியத் தொடங்கும் 250 கிரேடு பிளேட்டோடு ஒட்டிய இடத்தில் அவ்வளவா? கேட்டதில், சாதா பிளேட்டில் எடுத்த அளவுத்திருத்தத்தையே (கேலிப்ரேஷன்) வெல்ட் மெட்டலுக்கும் போட்டிருக்கிறார்கள். குளிர்ந்து உறைந்த வெல்டின் மணியமைப்பே (கிரெயின்) வேறு. தகைவே இல்லாவிட்டாலும் வேகம் மாறும். இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டது பெரிய குறை. அப்புறம் அதே பிளேட், அதே எலக்ட்ரோடில் ஒரு துண்டு வெல்டிங் செய்து, 600 டிகிரியில் சூடாக்கித் தகைவை இறக்கி (ஸ்ட்ரெஸ் ரிலீவ்), ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் துண்டாகக் கொடுத்தோம். கூடுதல் காசு கேட்காமல் மறுபடி அளந்தார்கள்.

இந்த முறை கிடைத்த வரைபடம் நம்பும்படி இருந்தது. ஃபிரேமின் ஒரு முனையில் மட்டும் இழுவிசை ஏறி நின்றது. எல்லா பாஸையும் (வெல்டிங் ஓட்டங்களையும்) ஒரே பக்கமாக ஓட்டி முடித்த முனை அது. அதே ஜோடி ஃபிரேமைத் தகைவு இறக்க ஃபர்னஸில் ஏற்றிய பிறகு அதே கோட்டில் அளந்தபோது வரைபடத்தில் இருந்த அந்த மேடு நன்றாகத் தணிந்திருந்தது. மெஷினிங் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, முறுக்கவில்லை.

ஒரே பொருளில் இடத்துக்கு இடம், முன்னும் பின்னும் ஒப்பிட இந்தச் சோதனையைத் தயங்காமல் எடுப்பேன். போகிறவர்கள் ரெஃபரன்ஸ் துண்டை முதல் நாளே கையோடு கொண்டுபோங்கள்.