சிலிகான் அச்சு கிட்: வாங்கலாமா?

களிமண்ணில் சின்ன உருவங்கள் செய்து, அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பிரதி எடுக்க நினைப்பவர்களுக்கு ஆன்லைனில் வாங்கிய இந்த டின் க்யூர் (வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும்) சிலிகான் தாராளமாகப் போதும். பிளாட்டினத்தால் இறுகும் வகை விலை அதிகம், அதோடு கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணோ லேடக்ஸ் கையுறையோ பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். இதில் அந்த வம்பு குறைவு. நுணுக்கம் அபாரம், கைரேகைகூட அப்படியே பதிகிறது.

கடுப்பேற்றுவது கேட்டலிஸ்ட் (சிலிகானை இறுக வைக்கும் திரவம்) பாட்டில்தான். 'சில சொட்டுகள்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், எடைக் கணக்கு எங்கேயும் இல்லை! இந்த வகைக்குப் பொதுவாக 100 கிராம் சிலிகானுக்கு 2 முதல் 3 கிராம் கேட்டலிஸ்ட், அதனால் சின்ன டிஜிட்டல் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். கூடிப்போனால் சீக்கிரம் இறுகி, காற்றுக்குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஊற்றும்போது உயரத்திலிருந்து நூல் மாதிரி ஒரே மூலையில் விடுங்கள், பாதிக் குமிழி வழியிலேயே உடைந்துவிடும். சாக்லேட் வார்க்க மட்டும் இந்த அச்சு வேண்டவே வேண்டாம், டின் க்யூர் வகை உணவுக்கு ஏற்றதல்ல.

அப்புறம், கூடவே வரும் தேன்மெழுகுக் கட்டி நல்ல சரக்கு. கான்வாஸ் பையில் தேய்த்து ஹேர் டிரையரால் சூடு காட்டினால் தண்ணீர் உருண்டு ஓடுகிறது. துணி கொஞ்சம் விறைக்கும், வெந்நீரில் துவைத்தால் மெழுகு போய்விடும்.