சுவீடனா, ஃபின்லாந்தா: முதுகலைக்கு எது தோது?

நார்டிக் நாடுகளில் இலவசப் படிப்பு என்பது ஏறக்குறைய பழைய கதை. நார்வேயும் 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. நம் மாணவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது சுவீடனிலும் ஃபின்லாந்திலும்தான்.

சுவீடனில் பொறியியல் முதுகலைக்கு ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் குரோனா. ஃபின்லாந்தில் பெரும்பாலும் 8,000 முதல் 18,000 யூரோ. மாற்றிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஃபின்லாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையின்போதே பாதி அல்லது முழுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது அதிகம். அதை அடுத்த ஆண்டும் தக்கவைக்க முதலாண்டில் குறிப்பிட்ட கிரெடிட்டுகளை முடித்திருக்க வேண்டும். பல இடங்களில் அது 55. ஒரு பாடம் தவறினாலே சிக்கல்தான்.

விண்ணப்ப முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுவீடனில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே தளம், 900 குரோனா கட்டணம், ஜனவரி நடுவில் கெடு. நான்கு படிப்புகள் வரை வரிசைப்படுத்தலாம். முதல் விருப்பம் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளவை தாமாகவே நீங்கிவிடும். ஆகவே ‘கிடைத்தால் பார்ப்போம்’ என்று மனமில்லாத படிப்பை மேலே வைக்காதீர்கள். ஃபின்லாந்தில் பல இடங்களிலிருந்து அழைப்பு வரலாம். ஆனால் ஒன்றைத்தான் ஏற்க முடியும். 2025 முதல் அங்கேயும் 100 யூரோ விண்ணப்பக் கட்டணம் உண்டு.

இறுதியாண்டில் இருப்பவர்கள் சுவீடனுக்கு அனுப்பும் சான்றிதழைக் கவனியுங்கள். துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைடு எடுபடாது. இறுதியாண்டில் படிக்கிறார், இந்த மாதத்தில் முடிப்பார் என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமே எழுதித் தர வேண்டும். நம் ஊரில் அந்தக் கடிதம் வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; நவம்பரிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். இறுதியாண்டு மாணவர்களை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை என்பதால் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் தனியே பார்க்க வேண்டும்.

படிப்பதற்கான குடியிருப்பு அனுமதிக்குக் காட்ட வேண்டிய செலவுத் தொகை, ஃபின்லாந்தில் மாதம் 800 யூரோ, அதாவது ஆண்டுக்கு 9,600. சுவீடனில் 2025இல் மாதம் 10,584 குரோனா. இது ஆண்டுதோறும் மாறும். இரண்டிலும் பணம் மாணவரின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அப்பா பெயரிலுள்ள வைப்பு நிதியையும் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற கடிதத்தையும் நம்பிப் போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஃபின்லாந்து காப்பீட்டிலும் கறார்: இரண்டாண்டுக்குக் குறைந்த படிப்பென்றால் 1,20,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பாலிசி, இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 40,000 போதும்.

படிக்கும்போது வேலை செய்ய ஃபின்லாந்தில் வாரச் சராசரி 30 மணி நேர வரம்பு உண்டு. படிப்பின் பகுதியான பயிற்சியும் ஆய்வேடும் அதில் சேராது. சுவீடனில் 2025 வரை இத்தகைய வரம்பு இருந்ததில்லை; கொண்டுவரும் பேச்சு அப்போதே நடந்தது, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் தராசு சாய்வது படிப்புக்குப் பிறகுதான். ஃபின்லாந்து வேலை தேட இரண்டாண்டு அனுமதி தருகிறது. படிப்பு அனுமதி முடிந்து ஐந்தாண்டுக்குள் கேட்டாலும் கிடைக்கும். சுவீடனில் 12 மாதம்தான், அதையும் பழைய அனுமதி காலாவதியாகும் முன் அங்கிருந்தே கேட்க வேண்டும். ஆனால் எரிக்சன், வோல்வோ போன்ற பெரிய முதலாளிகள் சுவீடனில்தான் அதிகம். தொலைத்தொடர்போ வாகனத் துறையோ படிப்பவருக்கு அந்த ஓராண்டே கூட மதிப்புள்ளது. மற்றவர்களுக்கு ஃபின்லாந்தின் அவகாசம் மேல். இரண்டு நாடுகளிலும் வேலையின்மை ஐரோப்பிய சராசரியைவிட அதிகம் என்பதால் உள்ளூர் மொழியை முதல் செமஸ்டரிலேயே தொடங்குவது நல்லது. சுவீடிஷ் அதில் சற்று எளிது. ஃபின்னிஷ் பதினைந்து வேற்றுமை உருபுகளுடன் காத்திருக்கும்.