லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடப் போகும் சேலத்துக்காரர்களே, ரூ.6,800 பறிகொடுத்த கதை இது

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் இன்னும் நாலு பேர் அதே கடையில் ஏமாந்துவிடுவார்கள். பெயர் போடவில்லை. சேலம் டவுனில் லேப்டாப் சர்வீஸ் செய்து, பழையதையும் வாங்கி விற்கும் கடை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

தம்பியின் லேப்டாப்பில் 5400 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்தான் இருந்தது. கேமைத் திறந்தால் லோடிங் பட்டை பாதியில் நிற்கும், இவன் எழுந்து போய் சாப்பிட்டுவிட்டே வந்துவிடுவான். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் டிஸ்க் மட்டும் 100 சதவீதம், சிபியுவும் ரேமும் சும்மா கிடக்கும். கேம் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். தட்டு சுழன்று, முள் நகர்ந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும் டிஸ்க்குக்கு அது பெரிய வேலை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டால் தீரும் என்பது எங்களுக்கே தெரியும். அதற்கான பணத்தை லீவு நாட்களில் சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்து அவனே சேர்த்தான். ரூ.6,800. யாரும் கொடுத்த பணம் இல்லை.

கடைக்காரர் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். "வாங்கக்கா, உட்காருங்க" என்று டீ சொன்னார். தம்பியிடம் என்ன கேம் என்று கேட்டு, அந்த கேமைப் பற்றியே ஐந்து நிமிஷம் பேசினார். அப்புறம் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "512 ஜிபி, என்விஎம்இ, புத்தம் புதுசு. 3500 வேகம். சீலை நீயே பிரி தம்பி" என்று பிளேடைத் தம்பி கையிலேயே கொடுத்தார். என்விஎம்இ என்றால் எஸ்எஸ்டியிலேயே வேகமான வகை, 3500 என்பது நொடிக்கு எத்தனை எம்பி படிக்கும் என்ற கணக்கு. இவனும் பிரித்தான். உள்ளே பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எஸ்டி. அதை மாட்டி, விண்டோஸ் ஏற்றி, ஆன் செய்து காட்டினார். பத்து எண்ணுவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே ரூ.6,800 அனுப்பினோம். பில் கேட்டதற்கு, "பிரிண்டர் மக்கர் பண்ணுதுக்கா, சாயந்திரம் வாட்ஸ்அப்ல போட்டு விடறேன்" என்றார். அந்தச் சாயந்திரம் இன்னும் வரவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் கேம் நடுவில் உறைய ஆரம்பித்தது, லோடிங் முன்பைவிட மோசமானது. ஒரு நாள் ஃபைல் கெட்டுவிட்டது என்று சொல்லி கேம் திறக்கவே இல்லை.

போன் செய்தால் "கேம் பிராப்ளம்கா, அழிச்சிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்க." போட்டோம். மறுபடி அதே கதை. நேரில் போனால் ஓனர் இல்லை, வேலைக்கு இருக்கும் பையன் "ரேம் பத்தலைங்க, இன்னொரு 8 ஜிபி போட்டுக்கலாம்" என்கிறான். கெட்டதை மாற்றித் தரச் சொல்லிப் போனால் புதிதாக ஒன்றை விற்கப் பார்க்கிறார்கள்! அடுத்த முறை ஓனர் ஏற்காட்டில் இருக்கிறாராம், மலை மேலே டவர் கிடைக்காதாம். வாட்ஸ்அப்பில் மட்டும் நீல டிக் விழுகிறது. கடைசியில் "வாரண்டி கம்பெனிக்காரன் பாத்துக்குவான், நீங்களே கேளுங்க" என்றார். பெட்டியில் இருந்த சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லை.

அப்போதுதான் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். பெட்டியில் போட்டிருந்த பெயர் ஒன்று, அது காட்டிய பெயர் வேறொன்று. என்விஎம்இ என்று சொன்னது சாட்டா என்ற மெதுவான வகை. ஆரோக்கியம் 38 சதவீதம். ஓடிய நேரம் 13,000 மணிக்கு மேல். ஒன்றரை வருஷம் நிறுத்தாமல் ஓடினால்தான் அவ்வளவு வரும். வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ உழைத்துத் தேய்ந்ததைத்தான் "புத்தம் புதுசு" என்று எங்களுக்கு மாட்டியிருக்கிறார். தெரிந்த ஒருவரை வைத்துக் கழற்றிப் பார்த்தோம். ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டு இருந்தது. லேசாக உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். லேப்டாப்பில் செருகும் தங்க நிறக் காலில் மாட்டிக் கழற்றிய கீறல்கள். அந்தக் காலில் இரண்டு வெட்டு இருந்தது. 3500 வேகம் போகும் என்விஎம்இ-க்கு ஒரே வெட்டுதான் இருக்கும்.

நியாயமாக ஒன்று சொல்கிறேன். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வேகம், என்விஎம்இ 3500 என்றாலும், கேம் லோடிங்கில் பெரும்பாலும் சில நொடிகள்தான் வித்தியாசம் வரும். நல்ல சாட்டாவைச் சாட்டா விலைக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்போம். செத்துக்கொண்டிருப்பதைப் புதுசு என்று விற்றதுதான் வயிறு எரிகிறது. அவர் காட்டிய அந்தப் பத்து நொடி பூட் இருக்கிறதே, தேய்ந்துபோன எஸ்எஸ்டிகூட அன்றைக்கு அதைச் செய்துவிடும்.

இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வெளியில கழட்டிட்டீங்கல்ல, நீங்களே மாத்தி எடுத்துட்டு வந்திருப்பீங்க" என்றார். ஒரு காலேஜ் பையனைப் பார்த்துத் திருடன் என்கிறார்! ரூ.6,800 போனதைவிட அதுதான் தாங்கவில்லை. தம்பி வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியாகிவிட்டது. பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருக்கின்றன, பார்ப்போம்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். மாட்டியதும் கடையிலேயே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறக்கச் சொல்லுங்கள். பெயர், ஓடிய நேரம், ஆரோக்கியம் மூன்றையும் பாருங்கள். திறக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சீரியல் நம்பரை அங்கேயே கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம், கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதை "அது எதுக்குக்கா, வேஸ்ட்" என்று சொல்லி அவரே வைத்துக்கொண்டார். அதில் எங்கள் வீட்டு போட்டோக்கள் அத்தனையும் இருக்கின்றன.