சட்டம் படித்தவர்களுக்கான அரசுப் பயிற்சிகள்: கையில் கேஸ் கட்டு தருவது எது?

அரசு இடத்தில் இன்டர்ன்ஷிப் என்றதும் பலருக்கும் கண் போவது சான்றிதழில் இருக்கும் முத்திரை மேல். இரண்டே விஷயங்களைப் பார்த்தால் போதும் என்பது எங்கள் கருத்து. முழு கேஸ் கட்டு உங்கள் கைக்கு வருகிறதா? நீங்கள் எழுதிய தாளை முடிவெடுப்பவர் படிக்கிறாரா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வரும் இடங்கள் குறைவு.

முதலிடம், தயக்கமே இல்லாமல், உச்ச நீதிமன்றத்தின் லா கிளார்க் பணிக்குத்தான். பெயரில் கிளார்க் என்று இருப்பதைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்; இது நீதிபதிக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை, ஒப்பந்த அடிப்படையில் சுமார் ஓராண்டு. 2025-26க்கான அறிவிப்பில் தொகுப்பூதியம் மாதம் 80,000 ரூபாய், வயது 20 முதல் 32 வரை. எல்.எல்.பி. கடைசி ஆண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், சேரும்போது பட்டம் கையில் இருந்தால் சரி. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் ஜனவரியில் அறிவிப்பு, மார்ச் இரண்டாம் ஞாயிறன்று தேர்வு என்றுதான் நடந்தது. ஆகவே டிசம்பரிலேயே தயாராக இருக்க வேண்டும். கொள்குறி வினாத் தாளும் எழுத்துத் தேர்வும் ஒரே நாளில் முடிந்துவிடும், தேறியவர்களுக்கு டெல்லியில் நேர்காணல்.

சிவில் ஜட்ஜ் தேர்வுக்குப் படிப்பது போலப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் எழுத்துத் தேர்வில் திணறுகிறார்கள். அங்கே கேட்பது வேறு: வழக்குத் தாள்களைப் படித்துச் சுருக்கம் எழுத வேண்டும், ஆய்வுக் குறிப்பு எழுத வேண்டும், ஒரு சட்டக் கேள்வியை அலச வேண்டும். இதற்குச் சிறந்த பயிற்சி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கான இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தீர்ப்புகளில் நாற்பது பக்கத் தீர்ப்பு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. யார் யார் மேல் வழக்குப் போட்டார்கள், கீழ்க்கோர்ட் என்ன சொன்னது, ஹைகோர்ட் என்ன சொன்னது, இப்போது முடிவாக வேண்டிய கேள்வி எது. இந்த நாலையும் குழப்பமில்லாமல் எழுத வந்துவிட்டால் பாதி தேர்வு முடிந்த மாதிரி.

வேலைக்குச் சேர்ந்ததும் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. திங்கள், வெள்ளிக்கிழமைகளில் புது மனுக்கள் வரும். ஒரு பென்ச் முன்னால் ஐம்பது வழக்குக்கு மேல்கூடப் பட்டியலாகும். லா கிளார்க்குகள் அவற்றைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவார்கள். அரசியல் சாசனப் பிரிவு 136-ன் கீழ் வரும் எஸ்.எல்.பி.யின் (சிறப்பு அனுமதி மனு) பேப்பர் புக்கை, அதாவது வழக்குத் தாள்களின் கட்டை, திறந்தால் முதலில் காலவரம்பு பற்றிய அலுவலகக் குறிப்பு, பிறகு ‘B’ முதல் எழுத்திட்ட பக்கங்களில் சுருக்கமும் தேதிப் பட்டியலும், அதன்பின் பக்கம் 1-லிருந்து எந்தத் தீர்ப்பை எதிர்த்து வந்திருக்கிறார்களோ அந்தத் தீர்ப்பு, மனு, P-1, P-2 என்று இணைப்புகள், கடைசியில் இடைக்கால மனுக்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுத்திட்ட பக்கங்களிலேயே நின்றுவிடுவார்கள். சறுக்கல் அங்கேதான் வருகிறது. அந்தச் சுருக்கத்தை எழுதியது மனுதாரரின் வக்கீல். அவருக்குப் பாதகமான தேதி அதில் ஒரு வரியில் மறைந்துகிடக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. பக்கம் 1-லிருந்து தீர்ப்பைப் படித்துவிட்டு அப்புறம் சுருக்கத்துக்கு வருவதுதான் சரியான வரிசை.

காலக் கணக்கும் அப்படித்தான். ஹைகோர்ட் உத்தரவை எதிர்த்து வர 90 நாள். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு அது தயாராகும் வரை ஆன நாட்களைக் கழிக்க வேண்டும். அலுவலகக் குறிப்பில் ஒரு எண்ணும் தாமத மன்னிப்பு மனுவில் வேறு எண்ணும் இருந்தால் இரண்டையும் குறிப்பில் எழுதி, வித்தியாசம் எதனால் என்பதையும் சொல்ல வேண்டும். கீழே இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நீதிபதி முதலில் தேடுவது அதைத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இங்கே உண்மையான ஓர் அனுகூலம் உண்டு. நம்மூர் சிவில் வழக்குகளில் கிரயப் பத்திரம், பட்டா, அடங்கல் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு வரும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர் அறையில் இருப்பது பெரிய உதவி. நான்கெல்லையோ சர்வே எண்ணோ மாறிப்போனதைக் கண்டுபிடிக்க அவரால்தான் முடியும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் வேலை நீதிபதியின் வீட்டு அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை இரவு என்பது வேலை நாள். லா கிளார்க்காக இருக்கும் காலத்தில் வக்கீலாக ஆஜராக முடியாது. டெல்லியில் குடியேற முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் சம்பளம் வருவதற்கு முன்பே வேண்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். மாஜிஸ்திரேட் ஆக நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சிவில் ஜட்ஜ் பணிக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று வந்த தீர்ப்பு, லா கிளார்க்காக இருந்த காலத்தையும் அனுபவமாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

அடுத்து தேசிய மனித உரிமை ஆணையம். டெல்லியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரடிப் பயிற்சி, நான்கு வாரம். இணையவழியில் இரண்டு வாரப் பயிற்சி தனியாக. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் கேட்பார்கள், கல்லூரிப் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். உரைகள் நல்ல தரம், திகார் ஜெயிலுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அழைத்துப் போகிறார்கள், குழு ஆய்வு, நூல் மதிப்புரை, பேச்சுப் போட்டி உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிய புகாரை ஆணையம் விசாரிக்க முடியாது என்பது போன்ற எல்லைகளை உள்ளிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனாலும் இது ஒரு வகுப்பறை. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவருக்குப் பொருத்தம். பட்டம் வாங்கியவர் இதற்காக ஒரு மாதம் ஒதுக்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெல்லோஷிப்) சட்டத்துக்கு மட்டுமானதல்ல. முதல் அணி 2022-24: 30 பேர், இரண்டாண்டு, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தில் படிப்பு. தமிழ் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகத்தில் ஆர்வம் இருந்தால் அருமையான வாய்ப்பு. கோர்ட்தான் உங்கள் இடம் என்றால் வேண்டாம்.

யாரும் பெரிதாகப் பேசாத இடம் ஒன்று உண்டு: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், செயலாளர் ஒரு நீதித்துறை அலுவலர். உதவித்தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் சிறைவாசிகளுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் தரும் பொறுப்பு இந்த அலுவலகத்துக்குத்தான், அதனால் முழுக் கட்டு இங்கே கையில் வரும்.

ஒரு வேலையை மட்டும் சொல்கிறோம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 479-ன்படி, இதற்கு முன் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் பிணைப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்குக்கு இது பொருந்தாது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் திருட்டு என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு, முதல் முறை சிக்கியவர் ஓராண்டில் வெளியே வர வேண்டும். வீடு புகுந்து திருடியதாக வழக்கு என்றால் 7 ஆண்டு, கணக்கு 2 ஆண்டு 4 மாதத்துக்குப் போகும். எஃப்.ஐ.ஆரில் ஒரு பிரிவு, குற்றப்பத்திரிகையில் வேறு பிரிவு என்று மாறியிருக்கும். பழையதை வைத்துக் கணக்குப் போட்டால் மனு தள்ளுபடி. ஒருவர் மேல் மூன்று வழக்கு, ஒன்றில் ரிமாண்ட், மற்றவற்றில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் உத்தரவு) போட்டு ஃபார்மல் அரெஸ்ட், அதாவது உள்ளே இருப்பவரை அந்த வழக்கிலும் கைது காட்டுவது என்றால் ஒவ்வொன்றுக்கும் நாள் வேறு வேறு தேதியிலிருந்து ஓடும். தவிர, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலே இந்தச் சலுகையை 479-ன் இரண்டாம் உட்பிரிவு தடுக்கிறது. ஜெயில் பதிவேட்டில் அப்பா பெயர் தப்பாக இருந்தால் கோர்ட் பதிவோடு பொருந்தாமல் ஆள் பட்டியலிலேயே வரமாட்டார். இதையெல்லாம் உட்கார்ந்து சரிபார்க்க ஆள் இல்லாததால்தான் பலர் உள்ளேயே கிடக்கிறார்கள். நீங்கள் சரியாகக் கூட்டிக் கழித்தால் ஒருவர் வீட்டுக்குப் போவார். இதைவிட மனநிறைவு தரும் பயிற்சி எங்களுக்குத் தெரியாது.

சேர வழி எளிது. ஒரு பக்க விண்ணப்பம், கல்லூரிக் கடிதம் அல்லது என்ரோல்மென்ட் (வக்கீலாகப் பதிவு) நகல், எத்தனை வாரம் வர முடியும் என்ற விவரம். செயலாளர் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ‘எந்த வேலையானாலும் சரி’ என்று எழுதாதீர்கள், லோக் அதாலத் மேசையில் பெயர் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். ‘விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவுக்கான பட்டியல் தயாரிப்பில் உதவ விரும்புகிறேன்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். என்ரோல் ஆனபின் அதே வளாகத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு இலவசமாக வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல் அமைப்பின் உதவி வக்கீல் பணிக்கு முயலலாம். கிரிமினல் பிராக்டிஸ் 0 முதல் 3 ஆண்டு வரை போதும் என்பதால் புதியவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது.