கெம்லாக் 205, 220: பிய்த்துப் பார்த்தால் தெரியும் அருமை

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஜெனரேட்டர்களுக்கும் மோட்டார்களுக்கும் அடியில் வைக்கும் அதிர்வு தாங்கிகளைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. ரப்பர் மவுண்ட் என்று சொன்னால்தான் மதுரைக் கடைகளில் புரியும். அவற்றின் இரும்புத் தகட்டோடு ரப்பரைப் பிணைக்க நாங்கள் பயன்படுத்திவரும் கெம்லாக் 205, 220 என்னும் இரு பூச்சுகளைப் பற்றியதே இந்த மதிப்புரை.

தொடக்கத்தில், சூட்டில் வெந்து இறுகி முடிந்த ரப்பரை வாங்கி, உடனடியாகப் பிடிக்கும் பசையால் தகட்டில் ஒட்டிக் கொடுத்துப் பார்த்தோம். மேசையில் இருக்கும்போது அது கல்லுப் போலப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பசை காய்ந்தபின் விறைத்துவிடுவதால், இடைவிடாத ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விண்டுவிடுகிறது. திருமங்கலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்குப் போன மவுண்டுகள், தகடு வேறு ரப்பர் வேறாகச் சாக்கில் திரும்பி வந்தன.

கெம்லாக் வேலை செய்யும் விதம் வேறு. மணல் வீச்சுப் போலக் கிரிட் என்னும் கரடான பொடியைக் காற்றால் அடித்துச் சுத்தம் செய்த தகட்டில் முதலில் 205 என்னும் பிரைமரையும் (அடிப்பூச்சு), அது காய்ந்தபின் 220 என்னும் மேற்பூச்சையும் அடித்து, தகட்டை அச்சில் வைத்து, மேலே வேகாத ரப்பர் கலவையை இட்டு, பிரஸ்ஸில் ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் அழுத்துகிறோம். ரப்பர் வேகும் அதே நேரத்தில் பூச்சும் அதனோடு வினைபுரிந்து இறுகிவிடுகிறது. கெம்லாக் வகைப் பசைகள் 1956-இல் சந்தைக்கு வருவதற்கு முன்பு, தகட்டுக்குப் பித்தளை முலாம் பூசித்தான் பெரும்பாலும் ரப்பரைப் பிடிக்க வைத்தார்கள் என்பதை நினைத்தால், எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு இது எவ்வளவு சுமையைக் குறைத்திருக்கிறது என்பது விளங்கும்.

பிடிமானத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது இதன் நிறம். 205 சாம்பல் நிறம், 220 கருப்பு. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு மவுண்டை வைஸில் பூட்டிக் குறட்டால் ரப்பரைப் பிய்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ரப்பரே கிழிந்து தகடு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிணைப்பு நன்றாக இருக்கிறது. வெறும் இரும்பு தெரிந்தால் தகட்டின் சுத்தத்தில் குறை. சாம்பல் தெரிந்தால் இரு பூச்சுகளுக்கு நடுவே குறை. கருப்பு மட்டும் வழுவழுப்பாக நின்றால் ரப்பரோ அச்சின் சூடோ காரணம்.

ஒருமுறை தொடர்ந்து வெறும் இரும்பாகவே வந்தபோது பசை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கிரிட் அடிக்கும் காற்றுக் குழாயின் முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால், அதில் பொடிப்பொடியாக எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்தன. குற்றம் எங்கள் கம்ப்ரசருடையது. வடிகட்டி போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொருமுறை கருப்பாக நின்றதற்கு, தகடுகளைச் சூடான அச்சில் வைத்துவிட்டுப் பையன் டீ குடிக்கப் போனதே காரணம்; ரப்பர் இடுமுன்பே பூச்சு இறுகிவிட்டது.

சிரமங்களும் உண்டு. டப்பாவின் அடியில் களி போலப் படிந்துவிடுவதால் அடிவரை கிளறாமல் எடுக்கவே கூடாது. பிரைமரை எம்.ஐ.பி.கே. போன்ற கரைப்பானாலும், மேற்பூச்சை டொலுவின் அல்லது சைலினாலும் நீர்க்க வைக்க வேண்டும். ஒரே தின்னரை இரண்டுக்கும் ஊற்றினால் வம்பு. சித்திரை வெயிலில் ஸ்பிரே செய்தால் துளிகள் தகட்டைத் தொடுமுன்பே காய்ந்து சிலந்தி நூலாய் மிதக்கின்றன. ஆகவே கோடையில் அந்த வேலையை விடிகாலையிலேயே முடித்துவிடுகிறோம். ஐப்பசி ஈரத்தில் கிரிட் அடித்த தகடு வெகு சீக்கிரம் துருவேறும் என்பதால், அடித்த கையோடு பிரைமர் ஏறியாக வேண்டும். நெடி கடுமையானது, தீப்பிடிக்கக் கூடியது. வெல்டிங் நடக்கும் கொட்டகையில் இதைத் திறக்கவே கூடாது.

டீசல் சொட்டும் இடங்களில் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடுமாதலால் அங்கே நைட்ரில் ரப்பர்தான் உகந்தது. நைட்ரிலுக்கு 205 மட்டுமே போதும் என்பதால் ஒரு பூச்சு மிச்சமாகிறது. பிரஸ் இல்லாமல், கழன்ற பழைய மவுண்டை வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.